கோதுமை வணிகரும் நம் பங்கின் புது வண்டியும்

நம் பங்கிற்குச் சென்ற ஆண்டு புது வண்டி வாங்கிய வரலாற்றை எழுதித் தருமாறு ஆசிரியர் தந்தை மும்முறை கடிதம் விடுத்துவிட்டார். பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் முதன்முதலாகக் கார் வாங்க முனையும் இல்லங்கள் நம் மறைமாவட்டத்தில் இப்போது பல உள்ளன. அவர்களுக்குப் பயன்படுமே என்பது அவரது எண்ணம். நாமோ தயங்கினோம். ஏனெனில் இவ்வரலாற்றில் நம் அறிவுடைமையைக் காட்டிலும் நம் பேதைமையே மிகுதியும் வெளிப்படும். எனினும் மூன்று கடிதங்களுக்குப் பின்னும் வாளாவிருத்தல் முறையன்று.

நம் பங்கிற்குக் கிளைப்பங்குகள் ஏழு. கடைக்கோடியில் உள்ளது பதினான்கு கிலோமீட்டர். அதில் ஐந்து கிலோமீட்டர் மண்பாதை. நமக்கு முன்னிருந்த தந்தையர் மூவர் ஓட்டிய ஜீப்பு நம் கைக்கு வந்தபோதே மூப்பெய்தியிருந்தது. மழை பெய்தால் கிளம்பாது; வெயில் மிகுந்தால் வழியில் நிற்கும். ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்கு நாம் நேரத்துக்குப் போய்ச் சேர்வதே புதுமையென்று உபதேசியார் நகையாடுவார். ஆகவே பங்குப் பேரவை கூடி, வண்டி வாங்குவதெனத் தீர்மானித்தது. அன்பியங்கள் வழியாகத் திரட்டியது, கோயில் வளாகத்துப் புளியமரங்களின் ஏலத் தொகை, வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பியது, ஆக எட்டு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய் சேர்ந்தது. இதில் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து ஐம்பது ரூபாய் கொடுத்த கைகள் எத்தனை என்பதை நாம் அறிவோம். பெயர்ப் பட்டியலை நாமே எழுதினோம்.

பேரம் நமக்குப் புதியதன்று என்றே எண்ணியிருந்தோம். நம் தந்தையார் மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு நம்மைச் சிறுவயதில் அழைத்துச் சென்றதுண்டு. வாங்குபவரும் விற்பவரும் தோள்துண்டை விரித்து, அதனடியில் கைகோத்து, விரல்களை அழுத்தியே விலை பேசுவர். சுற்றி நிற்போர் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது, முகத்திலும் அசைவிராது. தந்தையார் மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், பத்தடி நடத்திப் பார்ப்பார், அதன் பின்னரே துண்டினுள் கைவிடுவார். மாடு முழுதாக வெயிலில் நிற்கிறது. மறைப்பதற்குரியது விலை ஒன்றே. கார் விற்பனைக் கூடத்தில் நிலைமை நேர்மாறு என்பதை நாம் பிந்தியே கற்றோம். அங்கே விலை சுவரில் பெரிய எழுத்தில் தொங்குகிறது. மறைவன எல்லாம் அவ்விலைக்குக் கீழே சிற்றெழுத்தில் உள்ளன.

2025 ஆகஸ்டு 7ஆம் நாள் நகரத்து ஷோரூம் ஒன்றுக்குத் தனியே சென்றோம். வெண்ணிற அங்கியோடு சென்றது நம் முதற்பிழை. வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எழுந்து நின்றனர்; குளிர்பானம் வந்தது; விற்பனைப் பிரதிநிதியான இளைஞர் ஒருவர், இருபத்தைந்து வயதிருக்கும், நம் காலைத் தொட்டு வணங்கினார். பிற சமயத்தவர் எனினும் நம் துறவியர் நடத்தும் பள்ளியில் பயின்றவராம். இத்துணை மரியாதைக்கு நடுவே, 'தம்பி, இது ஏன் இவ்வளவு?' என்று கேட்க நா எழவில்லை. குரு ஒருவர் பணத்துக்கு வாதாடுவதா என்னும் கூச்சம். அந்தக் கூச்சம் நம்முடையது, பணமோ நம்முடையதன்று. இவ்வேறுபாடு அவ்வேளையில் நமக்குத் தோன்றவில்லை. ஏழு பேர் அமரக்கூடிய சிறு பெட்ரோல் வண்டி ஒன்றைத் தேர்ந்து, பத்தாயிரம் ரூபாய் முன்பணமும் கட்டி, ஒரு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினோம்.

ஞாயிறன்று அத்தாளை நிதிக்குழுவின் முன் வைத்தோம். அக்குழுவில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் உளர். முப்பது ஆண்டுகள் சில்லறை எண்ணிய கை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சிவப்பு மைப் பேனாவை எடுத்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்தார். வண்டியின் ஷோரூம் விலை 7,40,000. ஆயுள் வரி 96,200. பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் முதலியன 1,600. இவை மூன்றிலும் அவர் பேனா படவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஐந்து இலட்சத்துக்கு மேல் பத்து இலட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி நூற்றுக்குப் பதின்மூன்று. அதில் பேரத்துக்கு இடமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதன் கீழே காப்பீடு 39,800 என்றிருந்தது. அங்கே முதற் சுழி விழுந்தது. 'கையாளுகைக் கட்டணம் 8,500' என்பதில் இரண்டாவது. துணைப்பொருள் தொகுப்பு 24,000, வண்ணப் பாதுகாப்புப் பூச்சு 9,500, நீட்டித்த உத்தரவாதம் 14,000 என்று சுழிகள் பெருகின. ஆடித் தள்ளுபடி 30,000 கழித்து, மொத்தம் 9,03,600.

"சாமி, தள்ளுபடி முப்பதாயிரம்னு மேல கொடுத்துட்டு, கீழே தொண்ணூத்தஞ்சாயிரத்துக்கு மேல வாங்குறாங்களே! டிக்கெட்டைக் கொடுக்கிறப்பவே சில்லறையை எண்ணிப் பார்க்க வேண்டாமா?" என்றார் அவர். நிதிக்குழுவினர் நகைத்தனர். நாமும் நகைத்தோம், ஆயினும் செவிகள் சூடேறின.

துணைப்பொருள் தொகுப்பில் என்னென்ன உள்ளன என்று வாசித்தபோது, மிதியடிகள், இருக்கை உறை, மூடுதுணி, நறுமணப் புட்டி இவற்றோடு 'சாமி சிலை ஒன்று' என்றும் கண்டிருந்தது. நமக்காக அவ்விளைஞர் அதை அடித்து, 'வேளாங்கண்ணி மாதா' என்று கையால் எழுதியிருந்தார். விலை 650. நம் பங்கின் பக்திப்பொருள் கடையில் அதே சுரூபம் எண்பது ரூபாய்.

அடுத்த புதனன்று மீண்டும் சென்றோம். இம்முறை நடத்துநரும், கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும் உடன் வந்தனர். பேசும் பொறுப்பை அவர்களிடமே ஒப்புவித்தோம். இதில் நாம் கற்றவை சில உள. அவற்றைச் சொல்லியே தீரவேண்டும்.

முதலாவது, காப்பீடு. மூன்றாம் நபருக்குரிய காப்பீட்டைப் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கட்டணத்தை அரசே விதிப்பதால் எங்கு எடுத்தாலும் ஒன்றே. நம் வண்டிக்குச் சொந்தச் சேதம் பற்றிய பகுதி மட்டுமே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது. அதனையும் ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்னும் சட்டம் எதுவுமில்லை. ஆசிரியை முந்திய இரவே வெளியில் விசாரித்து 30,500 என்னும் மதிப்பீட்டை அச்சிட்டு வந்திருந்தார். அத்தாளை மேசைமேல் வைத்தவுடன், 'அப்படியானால் தள்ளுபடியைத் தர இயலாது' என்றார் மேலாளர். ஆசிரியை, 'அதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள், ஐயா' என்று மெல்லக் கேட்டார். மேலாளர் உள்ளே சென்றார். கால் மணி நேரம் கழித்து வெளிவந்தபோது, அவர்களது காப்பீடே 31,000 ஆகியிருந்தது.

இரண்டாவது, கையாளுகைக் கட்டணம். மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தகைய கட்டணம் ஒன்றில்லை. வண்டியைப் பணிமனையிலிருந்து ஷோரூமுக்குக் கொணர்வதும், துடைத்து நிறுத்துவதும் விற்பவரின் தொழில். அதற்குரிய ஊதியம் விலைக்குள்ளேயே அடங்கியுள்ளது. இதை நடத்துநர் சொன்ன பாங்கு வேறு: "பஸ்ஸை டெப்போவிலிருந்து ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்ததுக்குத் தனி டிக்கெட் நான் போட்டதில்லை, சார்." தொகுப்பும் பூச்சும் நீங்கின. நீட்டித்த உத்தரவாதத்தை மட்டும் நாமே வேண்டி வைத்துக்கொண்டோம், மண்பாதையை எண்ணி.

பழைய ஜீப்புக்கு அவர்கள் 35,000 மதிப்பிட்டு, கொடுத்தால் 'மாற்று ஊக்கத்தொகை' 20,000 என்றனர். கேட்கும்போது இனிமையாகவே இருந்தது. ஆனால் நம் ஊர்ப் பணிமனைக்காரர் உதிரிபாகங்களுக்காகவே 62,000 தருவதாகச் சொல்லியிருந்தார். கூட்டிப் பார்த்தால் விடை தெளிவு.

முடிவில் 8,52,800 என்று நின்றது. ஆகஸ்டு 22க்குள் முழுத்தொகையும் கட்டுவது, 25இல் வண்டி பெறுவது, 29ஆம் நாள் திருவிழாக் கொடியேற்றத்தன்று மந்திரிப்பது என்று நாளும் குறித்தோம். எழும்போது அவ்விளைஞரின் முகத்தைக் கண்டோம். துணைப்பொருளும் பூச்சும் காப்பீடும் விற்றால்தான் அவருக்கு ஊக்கத்தொகை என்பதைப் பின்னரே அறிந்தோம். நாம் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு மேலாளருடையதன்று, அவருடையது.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்குக் காரணமானது. குருமடத்தில் அறநெறி இயல் கற்றபோது, புனித தாமஸ் அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சனையைப் பற்றித் தனி வினாவொன்று அமைத்திருப்பதைப் படித்தோம். அங்கே ஒரு கோதுமை வணிகர் வருகிறார். பஞ்சமுற்ற ஊருக்குக் கோதுமை கொண்டு போகிறார். தமக்குப் பின்னால் வேறு வணிகர் பலர் கோதுமையோடு வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை அவர் சொல்லக் கடமைப்பட்டவரா? சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்பது நீதிக்கு மாறன்று என்பது புனிதரின் தீர்ப்பு. ஆயினும் சொல்வாராயின், அல்லது விலையைக் குறைப்பாராயின், அது நிறைந்த நற்பண்பு என்றும் சேர்த்துரைக்கிறார். தேர்வில் இதற்கு நாம் நல்ல மதிப்பெண் பெற்றோம். அவ்வணிகரை நேரில் சந்திப்போமென்று எண்ணியதில்லை.

ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர், தீபாவளிக்குள் சரக்கு மற்றும் சேவை வரி குறைக்கப்படும் என்று அறிவித்தார். நமக்கோ அன்று விண்ணேற்பு அன்னையின் பெருவிழா. மூன்று திருப்பலி, ஒரு திருமணம். செய்தித்தாளை மறுநாள்தான் புரட்டினோம். அதிலும் அச்செய்தியை நம் வண்டியோடு பொருத்திப் பார்க்கும் நுண்ணறிவு நமக்கில்லை. 20ஆம் நாள் இரவு ஒன்பதரைக்கு, அறியாத எண்ணிலிருந்து தொலைபேசி வந்தது. அவ்விளைஞர்தாம்.

"ஃபாதர், வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீங்க. பில் போட்டுட்டா அப்புறம் எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. சின்ன வண்டிக்கு வரி குறையும்னு எல்லா இடத்துலயும் பேச்சு. ஒரு மாசம் பொறுத்துப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க."

"தம்பி, உமக்கு இதனால் இடர் வராதா?" என்று வினவினோம்.

"இந்த மாச டார்கெட்டுக்கு உங்க வண்டியும் ஒண்ணு, ஃபாதர்," என்றவர் சற்று நிறுத்தி, "அந்த ஆயா கொடுத்த ஐம்பது ரூபாயும் இதுல இருக்குன்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க" என்றார். எப்போது சொன்னோம் என்பது நமக்கு நினைவில்லை. குளிர்பானம் அருந்தும்போது சொல்லியிருக்கலாம்.

பேரவை அவசரமாகக் கூடியது. குறையும் என்பது பேச்சுத்தானே, குறையாவிட்டால் ஆடித் தள்ளுபடியும் போகுமே என்றனர் சிலர். திருவிழாவில் வண்டி மந்திரிப்பு என்று அழைப்பிதழே அச்சாகிவிட்டதே என்றனர் பலர். அவர் பெயரை வெளியிட இயலாத நிலையில், 'நமக்குச் செய்தி கிடைத்தது' என்று மட்டும் சொல்லி, காத்திருப்பதென நாமே முடிவு செய்தோம். இம்முடிவு பேரவையினுடையதன்று, நம்முடையது. கொடியேற்றத்தன்று வண்டியில்லாத திடலைப் பார்த்து முணுமுணுத்தோர் உண்டு. பணம் எங்கே என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். வங்கிப் புத்தகத்தைக் காட்டினோம்.

செப்டம்பர் 3இல் வரி மன்றம் கூடி முடிவெடுத்தது. 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இயந்திரமும் நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு, அதுவரை 28 விழுக்காடு வரியும் 1 விழுக்காடு கூடுதல் தீர்வையும் இருந்தன. அவை நீங்கி, 22ஆம் நாள் முதல் 18 விழுக்காடு மட்டுமே என்றாயிற்று. நம் வண்டி அவ்வளவுக்குள் அடங்குவது. நடத்துநர் கணக்கிட்டுப் பார்த்து, விலை 63,100 குறையும் என்றார். அன்று மாலைச் செபமாலைக்குப் பின் நம்மை நோக்கிப் பலர் புன்னகைத்தனர். நாமும் ஓரளவு செருக்குற்றோம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

செப்டம்பர் 11ஆம் நாள் இரவு ஒரு மணிக்குக் கடைக்கோடிக் கிளைப்பங்கிலிருந்து அழைப்பு வந்தது. மூதாட்டி ஒருவருக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும், சாமியும் வரவேண்டும். மழை பெய்துகொண்டிருந்தது. ஜீப்பு கிளம்பவில்லை. உபதேசியாரின் இருசக்கர வண்டியில் நோயிற்பூசுதல் எண்ணெயோடு புறப்பட்டோம். மண்பாதையில் இருமுறை சறுக்கி, நாம் சேர்ந்தபோது மணி இரண்டாகியிருந்தது. ஆம்புலன்சு மண்பாதை முனையில் சேற்றைக் கண்டு நின்றுவிட்டது. ஊரார் அம்மூதாட்டியைக் குட்டியானை வண்டியின் பின்தட்டில் பாய்விரித்துக் கிடத்தி, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றனர். அங்கேயே பூசுதல் நிறைவேற்றினோம். மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறைவனடி சேர்ந்தார். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றார் மருத்துவர். அவர் மகனும் நம்மிடம் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. புளியமர ஏலத்தில் இரண்டு மரங்களை எடுத்தவர் அம்மகன்தான்.

மருத்துவர் சொன்னதை நாம் நம்புகிறோம். எனினும் அத்தாளை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், 25.8.2025 என்று நாம் கைப்பட எழுதிய தேதிமீதே கண் செல்கிறது.

22ஆம் நாளுக்குப் பின் ஷோரூமில் திருவிழாக் கூட்டம். ஆடித் தள்ளுபடியான முப்பதாயிரம் பத்தாயிரமாகச் சுருங்கிற்று. வரிசையில் காத்திருப்போர் உள்ளபோது எவர் குறைப்பார்? ஆகவே வரி குறைந்த பயன் முழுவதும் நமக்குக் கிட்டவில்லை. வண்டி 6,76,900, ஆயுள் வரி 88,000, காப்பீடு 30,200, உத்தரவாதமும் பதிவும் முன்போல். தள்ளுபடி போக 8,00,700. ஆகஸ்டில் பேசி முடித்ததைவிட 52,100 குறைவு. முதல் நாள் நாம் தலையசைத்துவிட்டு வந்த தொகையைவிட ஓர் இலட்சத்துக்கும் மேல்.

பதிவுக்கு அனுப்புமுன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும் என்று பணிமனைக்காரர் வற்புறுத்தி உடன் வந்தார். மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தது சேசிஸ் எண்ணை. அதில் ஆண்டும் மாதமும் குறியீடாகப் பொதிந்துள்ளன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள்: முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. வண்டியோ ஆகஸ்டில் ஆனது. கதவு ஒன்றின் கீழ்விளிம்பில் சிறு கீறலைக் கண்டு, வேறு வண்டி கேட்டோம். பத்து நாள் தாமதமாயிற்று. பதிவெண் விழுந்தபின் கண்டிருந்தால் அக்கீறல் நம்முடையதாகியிருக்கும்.

அக்டோபர் 16இல் சாவி தந்தனர். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு படமெடுத்தனர், கேக்கும் வெட்டினோம். அவ்விளைஞர் ஓரமாக நின்றிருந்தார். தனியே அழைத்து, ஆகஸ்டு மாதம் எப்படியாயிற்று என்று வினவினோம். இரண்டு வண்டி குறைந்ததால் ஊக்கத்தொகை இல்லை என்றார். நம் சட்டைப் பையிலிருந்த உறையை நீட்டினோம். அது பங்குப் பணமன்று, நம் சொந்தத் திருப்பலிக் காணிக்கை. வாங்க மறுத்து, "தெரிஞ்சவங்க யாராவது வண்டி வாங்கினா என்கிட்ட அனுப்புங்க, ஃபாதர்" என்றார். மூவரை அனுப்பினோம். கையாளுகைக் கட்டணம் கேட்டால் கொடாதீர் என்றும் அம்மூவரிடமும் சொல்லியே அனுப்பினோம். அவருக்கு நாம் செய்தது உதவியோ அன்றோ, நமக்கே விளங்கவில்லை. இப்போது அவர் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார். இதை எழுத இசைவும் தந்துள்ளார்.

மறு ஞாயிறு திருப்பலிக்குப் பின் கணக்கை முழுமையாக வாசித்தோம். மீதத்தொகையும் ஜீப்பு விற்ற 62,000 ரூபாயும் சேர்த்து மண்பாதைக்குச் சரளை கொட்டப் பேரவை இசைந்தது. மக்கள் கலைந்தபின், திருவுடை அறையின் வாயிலில் அம்மூதாட்டியின் மகன் நின்றிருந்தார். என்ன கேட்கப்போகிறாரோ என்று நெஞ்சு படபடத்தது.

"சாமி, வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்றார்.

"பதினெட்டு என்கிறார்கள். நம் பாதையில் பதினான்குதான் வருகிறது" என்றோம்.

"சரளை கொட்டினா பதினாறு வரும், சாமி" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சென்றார்.